காணாமல் போன மூன்று சக்கரம்

ஸ்கூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது.

தனசேகரன் இறங்கி ஓங்கி உதைத்தான். அது ஒரு தடவை உறுமியது, இரண்டு தடவை இருமியது, அப்புறம் படுத்துக்கொண்டது. மறுபடி உதைத்தான். வலித்தது இவன் கால்தான்.

பின் சீட்டில் கிருஷ்ணவேணி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கேன் வேணி."

"எறங்கினா தள்ளச் சொல்வீங்க சார்."

"பின்ன இன்னா, உன்னையும் சேத்துத் தள்ளணுமா?"

"தள்ளுங்களேன். சாமி ஊர்கோலம் மாதிரி இருக்கும்."

ரயில்வே ரோட்டில் ஒரு வெற்றிலைக் கடை மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருந்தான் தனசேகரன். கொலைக் கேஸ் வரும் என்று காத்திருந்தான். வந்ததெல்லாம் காணாமல் போன கோழியும், ஓடிப்போன மாப்பிள்ளையும்தான். உதவிக்கு இருந்தவள் கிருஷ்ணவேணி. முன்னால் டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்தவள். மீசை முளைத்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்து அரை டிக்கெட் கேட்கும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து, பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. வாயும் அங்கேதான் தீட்டப்பட்டது.

இன்றைக்கு வந்ததும் ஒரு காணாமல் போன கேஸ்தான். ஒரு வண்டி.

பிள்ளையார்பாளையம் வரைக்கும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். தெருமுனையில் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். கஞ்சி போட்ட பட்டு நூல் ஆயிரக்கணக்கில், இடுப்பு உயரத்துக்குக் குச்சிகள் மேல் படுத்திருந்தது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவு சுருட்டி முடிகிறவரை அந்தத் தெருவில் சைக்கிள்கூட வராது. கலெக்டர் ஜீப்பே ஒரு தரம் முனையில் நின்றுவிட்டுத் திரும்பியதாகச் சொல்வார்கள்.

ஆதிகேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். நெசவாளர் சங்கத்துக் காரியதரிசி. ஆள் அனுப்பியது அவர்தான்.

"இன்னாபா, சினிமாவுல எல்லாம் துப்பறியறவன் கார்ல வருவான். நீ தள்ளிக்கினு வர்றே?"

"விஷயத்தைச் சொல்லுங்க சார்," என்றான் தனசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு.

விஷயம் இதுதான். முனிரத்தினம் என்று ஒரு லாரி டிரைவர். சண்டைக் காலத்துப் பட்டாள லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். அது குடை சாய்ந்து அவன் இடது காலை முழங்காலுக்கு மேலே தின்றுவிட்டது. லாரியும் செத்தது. முதலாளி அந்தச் செத்த லாரியையே அவனுக்குக் கொடுத்துவிட்டார். முனிரத்தினம் அழவில்லை. அதைத் துண்டு துண்டாக வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தான். லாரியின் இன்ஜின், லாரியின் பின் அச்சு, முன்னால் ஒரு உடைந்த மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சக்கரம். கிளச்சு, பிரேக்கு எல்லாம் கையால் இழுக்கிற மாதிரி கம்பி வைத்து, பின்னால் சரக்கு வைக்க மரத்தொட்டி வைத்து, ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியே கட்டிவிட்டான்.

"இன்னிக்கு மூணு மணிக்கு ரயிலடி மைதானத்துல மோட்டார் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பாக்கறாரு," என்றார் ஆதிகேசவன். "பாரம் ஏத்தி ஓட்டிக் காட்டணும். பாஸ் பண்ணிட்டார்னா சாயப்பட்டறையிலேர்ந்து தறிகாரங்க வீட்டுக்குப் பட்டு எடுத்தாற வேலை முழுக்க அவனுக்குத்தான். கமிட்டியில நான் வாக்கு குடுத்திருக்கிறேன். இன்னிக்கு வண்டி நிக்கலைன்னா, வேலை மறுபடி ஜட்கா துரைக்கண்ணுக்கே போயிடும். முனிரத்தினத்துக்கு அப்புறம் இன்னா இருக்குது? லாரி ஓட்ட முடியாது. தறி மிதிக்கவும் ரெண்டு கால் வேணும். இப்பவே அவன் பொஞ்சாதி செல்லியம்மாள்தான் ஒத்தத் தறியை மிதிச்சிக் குடும்பத்தை இழுத்துக்கினு போவுது."

"வண்டி எப்போ போச்சி?"

"ராத்திரி. காலையில எழுந்து பாத்தா இல்லைன்றான்."

வீடு தெருவின் நடுவில் இருந்தது. பெரிய இரட்டைக் கதவு. கிருஷ்ணவேணிக்கு வழிவிட ஒதுங்கிய தனசேகரன் நிலையில் உரசிக்கொண்டான்.

"பாத்துபா, பாத்து!" என்று ஆதிகேசவன் பதறினார். "எங்க தாத்தா போட்ட நிலை. ஒரே மரத்துத் தேக்கு. வீடு என்னுது, இவன் குடக்கூலிக்கு இருக்கான்."

தேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தனசேகரனின் வெள்ளை பேண்ட்டில்தான், இடது முழங்காலில் அப்பம் மாதிரி ஈர மஞ்சள் ஒட்டியிருந்தது.

"கேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நலங்கு வெச்சிட்டாங்க சார்," என்றாள் கிருஷ்ணவேணி.

உள்ளே கூடம். பெட்ரோல் வாடை மண்டையைப் பிளந்தது. இரண்டு தறிகள் பழைய புடவைகளால் தரை வரைக்கும் மூடிக் கிடந்தன. செல்லியம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். முனிரத்தினம் கட்டைக்கோலை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ராத்திரி சத்தம் எதுவும் கேக்கலியா?"

"தூங்கிட்டேன் சார்."

"இவ்ளோ பெரிய வண்டியைத் தள்ளிக்கினு போறான், உனக்கு முழிப்பு வரல?"

"வரல. போனது போச்சி சார். துப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். காரியதரிசி கூப்ட்டார்னு வந்துட்டீங்க. போயிட்டு வாங்க."

தனசேகரனுக்குச் சுர்ரென்று ஏறியது. பொருளைத் தொலைத்தவன் காலில் விழுவான் என்று பார்த்தால், இவன் வந்தவனைத் துரத்துகிறான்.

கொல்லையில் ஓட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. அங்கிருந்து ஈரமண்ணில் மூன்று கோடுகள், நடுவில் ஒன்றும் ஓரத்தில் இரண்டுமாக, நேரே கூடத்துப் படி வரைக்கும் வந்திருந்தன. கூடத்துத் தரை சிமெண்ட்டு, சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தார்கள். கொல்லைக்கு வேறு வழி கிடையாது. ஆக, திருடன் வண்டியைக் கூடத்து வழியாகத் தள்ளித் தெருவாசலில்தான் கொண்டுபோயிருக்கிறான்.

வெளியே வரும்போது ஆதிகேசவனுக்காக ஒதுங்கி, வலது முழங்காலிலும் மஞ்சள் வாங்கிக்கொண்டான். கிருஷ்ணவேணி வாயைத் திறப்பதற்குள், "பேசாதே," என்றான்.

"நான் இன்னா சொன்னேன்? ரெண்டு பக்கமும் சமமா இருக்குது, அழகா இருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

தெருவில் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த பரசுராமன் தலையை ஆட்டினார். அவருக்கு எதிர்வீடு. "இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே குச்சி நட்டுட்டோம்பா. நான் வாசல்லதான் கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். எலி போனாலும் எனக்கு முழிப்பு வந்துடும். ஒரு வண்டியும் போவல."

"பறந்து போச்சா?"

"அத்த நீதான் கண்டுபுடிக்கணும்." பரசுராமன் குரலைத் தணித்தார். "ஆனா ஒண்ணு. நேத்து சாயங்காலம் ஜட்கா துரைக்கண்ணு வண்டியைப் பாக்கறேன்னு இங்க வந்தான். சாட்டைக் கம்பை வெச்சி இந்த வாசலை அளந்தான். இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம். அப்புறம் தனக்குத்தானே சிரிச்சிக்கினு போயிட்டான்."

தனசேகரன் காதுகள் விடைத்தன. வண்டி வந்தால் பிழைப்புப் போகிறவன் துரைக்கண்ணு. அவன் வாசலை அளக்கிறான். மறுநாள் வண்டி இல்லை. திருடப்போகிறவன்தானே பொருள் வெளியே வருமா என்று அளந்து பார்ப்பான்?

"கிளம்பு வேணி!"

"எதுல சார்?"

ஸ்கூட்டர் ஒரு புண்ணியத்துக்குப் புறப்பட்டது. ஜட்கா ஸ்டாண்டில் துரைக்கண்ணு இல்லை. குதிரை குளிப்பாட்ட ஓரிக்கைப் பக்கம் ஆற்றுக்குப் போயிருக்கிறான் என்றார்கள். ஓரிக்கைக்குப் பாதி வழியில் ஸ்கூட்டர் கழுத்தை அறுத்தது. மீதியை நடந்தார்கள். வெயில் உச்சி மண்டையில் ஆணி அடித்தது. தனசேகரன் அந்த ஸ்கூட்டரின் வம்சத்தையே திட்டினான்.

பாலாற்றில் தண்ணீர் என்று ஒரு ஓரத்தில் கால்வாய் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் குதிரையை நிறுத்தித் துரைக்கண்ணு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நரைத்த கிருதா, முண்டா பனியன்.

"முனிரத்தினம் வண்டி எங்கே?" என்று தனசேகரன் ஒரே போடாகப் போட்டான்.

"அவன் ஊட்டுல."

"அங்க இல்ல. திருடு போயிடுச்சி."

துரைக்கண்ணு கை நின்றது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். குதிரைகூட ஒரு எட்டுத் தள்ளி நின்றது.

"நேத்து எதுக்கு வாசலை அளந்தே?"

"பாக்கலாம்னு."

"எதை?"

"சொல்ல மாட்டேன் சார்."

"போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவேன்."

"குடு." துரைக்கண்ணு தேங்காய் நாரைத் தண்ணீரில் அலசினான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அந்த வண்டி எங்கயும் போவாது சார். திருடன் வந்தாலும் போவாது, தெய்வம் வந்தாலும் போவாது. அவ்ளோதான் சொல்வேன். மீதி அவனுடைய மானம். அத்த நான் எதுக்கு ஆத்தங்கரையில நின்னு சொல்லணும்? உனக்கு வேணும்னா போய் அவனையே கேளு."

அதற்கு மேல் அவன் வாயைப் பிடுங்க முடியவில்லை. தனசேகரன் மணலைக் காலால் எத்தினான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்த ஒரே கயிறும் கையோடு வந்துவிட்டது. கொலைக் கேஸ் கிடைக்காவிட்டால் போகிறது, ஒரு வண்டியைக் கண்டுபிடிக்க முடியாதவன் எதற்குப் பலகை மாட்டவேண்டும்? கழற்றி அடுப்பில் வைக்கலாம்.

"இவன் பொய் சொல்லல சார்," என்றாள் கிருஷ்ணவேணி.

"அப்போ யாரு சொல்றா?"

"உங்க பேண்ட்டு."

அவன் குனிந்து பார்த்தான். மஞ்சள் காய்ந்து இரண்டு முழங்காலிலும் வட்டமாக, ஒரே உயரத்தில் நின்றது.

"மஞ்சள் எங்க பூசுவாங்க? வாசப்படியில. குனிஞ்சி, காலு வெக்கிற எடத்துல. அந்த ஊட்டுல படி வெள்ளையா இருந்துச்சி. நிலைக்கால்ல மட்டும், முட்டி உயரத்துல, ரெண்டு பக்கமும் சுவத்துக்குக் காரை பூசற மாதிரி அப்பி வெச்சிருக்குது செல்லி. எந்த சாமி சார் முட்டியில குடியிருக்குது?"

தனசேகரன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

முழங்கால் உயரம். சக்கரத்தின் நடு உயரம். மஞ்சளுக்கு அடியில் ஏதோ இருக்கிறது. மரத்தை எதுவோ இடித்திருக்கிறது, இரண்டு பக்கமும். துரைக்கண்ணு அளந்தான், வண்டி வெளியே வருமா என்றுதான். வராது என்று தெரிந்ததால்தான் சிரித்தான்.

வெளியே வர முடியாத வண்டியை எவன் திருடுவான்?

"வேணி, ஆதிகேசவன் இன்னா சொன்னாரு? செல்லியம்மாள் எத்தனை தறி நெய்யுதுன்னாரு?"

கிருஷ்ணவேணியின் கண் விரிந்தது. "ஐயோ சார்!"

இரண்டு பேரும் ஓடினார்கள். ஸ்கூட்டரையும் தள்ளிக்கொண்டுதான்.

தெருவில் பாவு சுருட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

தனசேகரன் கூடத்தில் போய் நின்றான். புடவை மூடிய இரண்டு உருவங்களையும் பார்த்தான்.

"ஏம்மா, அந்தத் தறியில நீ நெய்யறே. இந்தத் தறி யாருது?"

செல்லியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க சார்," என்றான் முனிரத்தினம்.

தொட்டான். இழுத்தான். புடவை சரிந்து விழுந்தது. தகரமும் இரும்பும் கறுப்பு பெயின்ட்டில் பளபளக்க, முன்னால் ஒற்றைச் சக்கரமும், மாலை போடத் தயாராக ஒரு ஆணியும் வைத்துக்கொண்டு மூன்று சக்கர வண்டி நின்றது.

முனிரத்தினம் கட்டைக்கோலை எடுத்துச் சுவரில் அடித்தான்.

"தறி அகலத்துக்குத்தான் கட்டினேன் சார்! லாரி அச்சு இந்த வாசல்ல வராதுன்னு எனக்குத் தெரியாதா? அத்த அறுத்து, குறுக்கி, தறி அகலத்துக்கு அளந்து பத்த வெச்சேன். தறி இந்த வாசல்லதானே உள்ள வந்திச்சி, அதே அகலம்னா இதுவும் வெளிய போவும்னு..." கட்டைக்கோலைக் கீழே போட்டான். "நேத்து ராத்திரி தள்ளிக்கினு வந்தோம். ரெண்டு பக்கமும் நாலு நாலு வெரல் இடிக்குது. சக்கரத்தைக் கழட்டிட்டுப் பாத்தோம், பிரேக்கு டிரம்மு இடிக்குது. சாய்க்கலாம்னா இன்ஜின் எடைக்கு ஆள் நசுங்கிடுவான். அப்பத்தான் இவ சொல்றா, 'தறி எங்க வாசல்ல வந்திச்சி, ஆசாரி வந்து கூடத்துலயே உக்காந்து செஞ்சிட்டுப் போனாரு'ன்னு."

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"என்னைக் கேட்டாத்தானே அக்கா," என்றாள் செல்லியம்மாள். "லாரிக்காரருக்குத் தறியைப் பத்தி நான் இன்னா சொல்றது? தறிகாரன் ஊட்டுல பொறந்தவருதானே, தெரியும்னு நெனச்சேன்."

"நான் எங்க தறி எறக்கறதைப் பாத்தேன்? எங்கப்பா ஊட்டுல பொறந்தப்பவே நட்டுக்கினு நின்னுது, இங்க போட்டப்போ நான் லாரியில போயிருந்தேன்," என்றான் முனிரத்தினம். "அச்சை மறுபடி அறுத்துப் பத்தவெக்கணும்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணும். இன்ஸ்பெக்டர் இன்னிக்கு வர்றாரு. வண்டி வாசலைத் தாண்டலைன்னு சொன்னா ஊரே சிரிக்கும். திருடு போச்சின்னா பாவம்னாவது சொல்வாங்க."

வாசலில் நிழல் விழுந்தது. ஆதிகேசவன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ, முகம் சிவந்திருந்தது.

"திருடனைப் புடிச்சிட்டேன் சார்," என்றான் தனசேகரன் அலுப்போடு. "வண்டியைப் புடிச்சி வெச்சிருக்கிறது உங்க தாத்தா நிலைதான். அது வழி விட்டா வண்டி மைதானத்துல நிக்கும்."

"நிலையைப் பேத்தெடுக்கறதா? வாழற வீட்டுல நிலையைப் பேக்கலாமா? தேக்குபா அது! ஒரே மரம்!"

"கமிட்டியில குடுத்த வாக்கு இன்னா மரம் சார்?" என்றாள் கிருஷ்ணவேணி.

ஆதிகேசவன் நிலையில் கையை ஊன்றிக் குறுக்கே நின்றார். தெருவில் குளம்புச் சத்தம் கேட்டது. ஜட்கா வந்து நின்றது. துரைக்கண்ணு இறங்கினான். கையில் கடப்பாரை.

"நீ எதுக்குடா வந்தே?" என்றார் ஆதிகேசவன். "இந்த வண்டி வெளிய வந்தா போறது உன் பொழப்பு."

"தெரியும்யா. அதுக்காவ திருட்டுப் பட்டம் கட்டிக்கினு நான் ஜட்கா ஓட்டணுமா?" அவன் முனிரத்தினத்தைப் பார்த்தான். "டேய், நீ ஊட்டுக்குள்ளயே கெடந்து தோத்தா எனக்கு இன்னாடா பெருமை? வெளிய வா. தெருவுல வெச்சி ஒரு கை பாக்கறேன்."

எதிர்வீட்டிலிருந்து பரசுராமன் வந்தார். அவர் பின்னால் காலையில் பாவு பிடித்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஆதிகேசவன் நிலையைத் தடவினார். மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் தேக்கு ஏற்கெனவே பிளந்திருந்தது. அந்தப் பிளவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

"இன்னிக்கு செவ்வாக்கிழமை. மூணு மணிக்கு ராகு காலம் பொறக்குது," என்று கத்தினார். "அதுக்குள்ள நிலையைப் பேத்தெடுங்கடா! செல்லி, ஒரு சொம்பு தண்ணியும் கற்பூரமும் எடுத்தாம்மா. துரைக்கண்ணு, பாத்து நெம்பு. மரத்தை உடைக்காதே, மறுபடி நடணும்!"

தூசு அடங்கியபோது வாசல் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பாவு பிடித்த கைகள் பிடித்துத் தள்ள, வண்டி தெருவுக்கு வந்தது. செல்லியம்மாள் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றினாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். தனசேகரனுக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதில் தெருவே அதிர்ந்தது. முனிரத்தினம் தொற்றி ஏறி உட்கார்ந்து, கைக்கம்பியை இழுத்தான். வண்டி நகர்ந்தது.

"பாரம்!" என்று திடீரென்று அலறினான். "பாரம் வேணுமே! நூல் மூட்டை சங்கத்துல இருக்குது, அங்க போயிட்டு வந்தா நேரமாயிடும்!"

எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். கிருஷ்ணவேணி மட்டும் தெருமுனையைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு ரயிலடி மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், கைக்கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பின்னால் மரத்தொட்டியில் ஒரு ஸ்கூட்டர் மல்லாந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலிலும் மஞ்சளோடு தனசேகரன் குந்தியிருந்தான். மூஞ்சியைப் பார்த்தால் யாரோ அவனைத் திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"இன்னாபா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாரம் சார்," என்றாள் கிருஷ்ணவேணி. "ரெண்டுமே தானா நகராது."

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, ரெண்டையும் ஏத்திக்கினே ஒரு சுத்து சுத்திக் காட்டு."

முனிரத்தினம் கம்பியை இழுத்தான். வண்டி மைதானத்தின் கோடி வரைக்கும் போய், ஒருமுறைகூட இருமாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் ஜட்காவில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நிறுத்திடாதே முனிரத்தினம்," என்று பின்னாலிருந்து தனசேகரன் குரல் கொடுத்தான். "அப்படியே ரயில்வே ரோட்டுல என்னை எறக்கி விட்டுடு."